ஏசாயா 45:7-இன்படி தீமையைப் படைத்தவர் தேவன்தானா?

"சமாதானத்தைப் படைத்து தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே" என்ற வசனத்தைக் காட்டி ஒரு நண்பர் கேட்டார் என்றும், உங்களால் பதில் சொல்ல இயலவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பர் வேறு சமயத்தவராக இருக்கக்கூடும். பௌத்தர்கள் சூழ வாழும் ரங்கூன் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இந்தக் கேள்வி தேநீர்க் கடையிலேயே வந்துவிடும். நான் இறையியல் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். எங்கள் சபையில் பல ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவன், அவ்வளவே. ஆகவே மூல மொழிகளை எடுத்துக்கொண்டு என்னோடு வழக்காட எவரும் வர வேண்டாம்.

பாவம் எங்கிருந்து தோன்றியது என்பதை அந்த வசனம் பேசவில்லை. அதிகாரத்தின் முதல் வரியைப் படித்தாலே அது பாரசீக அரசன் கோரேசுக்குச் சொல்லப்பட்டது என்று தெரிந்துவிடும். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களுக்கு விடுதலையும் அந்தப் பேரரசுக்கு வீழ்ச்சியும் ஒரே கரத்திலிருந்து வருகின்றன என்பதையும், தன்னை நடத்துகிறவர் யார் என்று அறியாமலேயே கோரேசு அந்த வேலையைச் செய்யப்போகிறான் என்பதையும் சொல்லும் இடம் அது. அங்கே சமாதானத்துக்கு எதிரே நிற்கும் தீங்கு, அரசுகளின் மேல் வரும் அழிவு. கொலைகாரனின் உள்ளத்தில் கொலை எண்ணத்தை விதைத்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் கேள்விக்கு யாக்கோபு நிருபம் 1:13 நேராகவே பதில் தருகிறது: தேவன் ஒருவனையும் பொல்லாங்கினால் சோதிக்கிறவர் அல்ல.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தில் கரையேறியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறக்குறைய 1,38,000 பேர். காற்றைவிடக் கடல் பொங்கி வந்து ஊர்களை மூடியதுதான் பெரும்பாலோரைக் கொன்றது. எங்கள் சபையில் ஓர் அக்காவுக்குக் கழிமுகத்து ஊராகிய போகலே பக்கத்தில் உடன்பிறந்தவள் குடும்பம் இருந்தது, ஒருவரும் மிஞ்சவில்லை. சில வாரங்கள் கழித்து வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், மின்சாரம் இல்லாததால் ஒலிபெருக்கியும் இல்லாமல், உரத்த குரலில் ஆமோஸ் 3:6-ஐ வாசித்தார்: "கர்த்தருடைய செயல் இல்லாமல் ஊரில் தீங்கு உண்டாகுமோ?" பிறகு, விக்கிரகங்களை வணங்கும் தேசத்தைக் கர்த்தர் தண்ணீரால் அடித்தார் என்று விளக்கினார். அந்த அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பாடல் புத்தகம் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தும் எடுக்கவில்லை. கழிமுகத்தில் மாண்டவர்களுள் கரேன் இனத்துக் கிறிஸ்தவர்களும் ஏராளம் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தும் பேசினாரா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

ஆராதனை முடிந்தபின் அவரிடம் லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, "அப்படியல்ல" என்று இயேசுவே சொல்கிறார். உடனே பிரசங்கியார் அதே வசனத்தின் பிற்பகுதியைக் காட்டி, "மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்றும் இருக்கிறதே, தம்பி" என்றார். இருக்கிறது, உண்மைதான், ஆனால் அது கேட்டுக்கொண்டு நின்ற உயிருள்ளவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கையே தவிர, செத்தவர்கள்மேல் எழுதிய தீர்ப்பு அன்று. அவர் எடுத்த ஆமோஸ் வசனமும் அப்படித்தான். எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றுவிட்டுச் செழிப்பாக வாழ்ந்தவர்களைப் பார்த்து ஆமோஸ் பேசினார். அந்த வசனத்தை மூங்கில் குடிசையில் மூழ்கிப்போன நெல் விவசாயிமேல் எறிவது தீர்க்கதரிசியின் வாயையே திருப்பிவிடுவதாகும். அவர் மேலே வாதாடவில்லை. வண்டி காத்திருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

எங்கள் பிள்ளைகள் நிலை இதில் இன்னும் மோசம். 1960-களில் தனியார் பள்ளிகள் தேசியமயமானபின் தமிழ்க் கல்வி இங்கே சுருங்கிவிட்டது; இளையோர் பலர் மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்தைத்தான் வாசிப்பார்கள், தமிழைக் காதால் மட்டும் கேட்பார்கள். பிரசங்கியார் உதிர்க்கும் அரை வசனம் எந்த அதிகாரத்தில், யாரைப் பார்த்துச் சொன்னது என்று புரட்டிப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. இதைச் சபை மூப்பர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

உங்கள் நண்பர் விடாப்பிடியானவராக இருந்தால், வேதாகமத்துக்குள்ளேயே ஒரே குரல் இல்லை என்பதை அவருக்கு மறைக்க வேண்டாம். தாவீது ஜனத்தொகை எடுத்த அதே நிகழ்ச்சியை 2 சாமுவேல் 24:1 கர்த்தரின் கோபத்தின் ஏவுதல் என்கிறது. அதற்குப் பின்னால் எழுதப்பட்ட 1 நாளாகமம் 21:1 சாத்தானின் ஏவுதல் என்கிறது. தீமையைக் கர்த்தரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப் பிற்காலத்தவர் தயங்கினார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கர்த்தர் அனுமதித்தார், சாத்தான் செய்தான் என்று இரண்டையும் இணைப்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சாத்தானின் வீழ்ச்சிக்கு ஆதாரமாக எல்லாரும் எடுக்கும் ஏசாயா 14-ஆம் அதிகாரத்து விடிவெள்ளியோ, அங்கேயே நான்காம் வசனத்தின்படி, பாபிலோன் ராஜாவைக் குறித்த பாட்டு. இப்படி எழுதுவதால் நான் சாத்தானையே மறுக்கிறேன் என்று கிளப்பிவிட வேண்டாம். அந்த இடம் யாரைப் பேசுகிறது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

இதே கேள்விதான் பண்டைத் திருச்சபையின் பெரிய போதகராகிய அகஸ்தீனை இளம் வயதில் ஒளிக்கும் இருளுக்கும் தனித்தனி மூலங்கள் உண்டென்ற மானிகேயரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து வெளியே வந்தபின் அவர் தந்த விளக்கம், தீமை படைக்கப்பட்ட ஒரு பொருள் அன்று, நன்மையின் குறைவு என்பது. புண் ஆறினால் அது வேறெங்கும் போய் இருப்பதில்லை அல்லவா, அதைப் போல. வாதத்துக்கு இது வலுவானது, வகுப்பில் நானும் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் பன்னிரண்டு அடி உயர அலையைக் 'குறைவு' என்று அந்த அக்காவின் முன்னால் சொல்ல எனக்கு நா எழாது. மனிதன் செய்யும் கொடுமைக்கு அது பொருந்துகிற அளவு, புயலுக்கும் பூகம்பத்துக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

"சரி, தீமை எங்கிருந்துதான் வந்தது?" என்று நண்பர் மறுபடியும் கேட்டால், ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து, பாம்பு திடீரென்று வந்து பேசத் தொடங்குகிறதே தவிர, அதற்குள் தந்திரம் எப்படி நுழைந்தது என்று அங்கே ஒரு வரியும் இல்லை என்பதைக் காட்டுங்கள். அவருக்குப் பொறுமை இருந்தால், அதன்பின் ரோமர் 8:18 முதல் 25 வரை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்பதைப் பவுல் அங்கே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.