வரலாற்று நாவலுக்குப் பிறகு எந்தப் பக்கம்? (கடிதமும் பதிலும்)

அன்பின் ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பொன்னியின் செல்வனைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன். சாண்டில்யனும் ஓரளவு முடிந்தது. வேறு வகைப் புத்தகங்களுக்குப் போக ஆசை, ஆனால் முடியவில்லை. நாட்டார் கதைத் தொகுப்பு ஒன்று வாங்கினேன், பத்துக் கதைக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. திருமந்திரத்தில் பாயிரத்தையே தாண்டவில்லை. டவுன் கடையில் பாஸ்ட் பேப்பரும் பஞ்சாங்கமும்தான் இருக்கின்றன. எதை, எந்த ஒழுங்கில், எங்கே எடுத்து வாசிப்பது? இருக்கிற புத்தகங்களிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.வுக்கு,

உங்கள் வாசிப்பில் குறை எதுவும் இல்லை. நாவலை மூடிவைத்த கையோடு திருமந்திரத்தைத் திறந்தால் ஊர், ஆள், நடை எல்லாமே ஒரே நாளில் மாறிப்போகின்றன. அதனால்தான் கை நழுவுகிறது. வகையைப் பார்த்துத் தாவாதீர்கள். ஏற்கெனவே உங்களுக்குப் பிடித்த ஓர் அரசனையோ ஊரையோ கூத்தையோ எடுத்து, அதன் பின்னாலேயே அடுத்த புத்தகத்துக்குப் போங்கள்.

கையில் இருப்பதிலேயே தொடங்கலாம். பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகமான சுழற்காற்றில் வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு வருகிறான். தம்புள்ளையும் அனுராதபுரமும் அதில் வருகின்றன. மாத்தளை வழியாக வடக்கே போகிறவர்களுக்கு அது தெரிந்த பாதை. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்துவிட்டு, சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றில் இராசராசன் பற்றிய இயலை எடுங்கள். வந்தியத்தேவன் கல்வெட்டில் உள்ள ஆள், நந்தினி கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலையில் வரும் ரவிதாசனின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின் நாவலின் சுவை கூடுமே தவிரக் குறையாது.

அடுத்தது மகாவம்சம். இங்கே பலரும் சறுக்குகிறார்கள். சோழர் படையெடுப்பைத் தேடி மகாவம்சத்தை வாங்கினால் அது 37ஆம் அத்தியாயத்தில் மகாசேனனோடு முடிந்துவிடும். இராசராசன் காலப் போரும், 1017இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதும் அதன் தொடர்ச்சியான சூளவம்சத்தில்தான் வருகின்றன. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றிய கதையும் அங்கேதான். சிவகாமியின் சபதத்தில் வரும் மானவன்மன், நரசிம்மவர்மனிடம் தங்கி அவன் உதவியோடு அரியணை ஏறிய செய்தியும் சூளவம்சத்தில் உண்டு. வாங்குமுன் கடைசி அத்தியாயம் எத்தனை என்று பாருங்கள்.

பொன்னியின் செல்வனையும் ஒருமுறை சரிபாருங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு அதைப் பலர் அச்சிட்டார்கள், சுருக்கப் பதிப்புகளும் புழங்குகின்றன. முழுப் பதிப்பில் ஐந்து பாகங்களிலும் 57, 53, 46, 46, 91 என்று மொத்தம் 293 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். கடைசிப் பாகமான தியாக சிகரத்தின் பொருளடக்கத்தில் 91 இல்லையென்றால் அது சுருக்கியது.

வரலாற்று நாவலிலிருந்து நாட்டார் கதைக்குப் போக மலையகத்தவருக்கு மிக நல்ல வழி, கொங்குநாட்டு அண்ணன் தம்பியரின் கதையான பொன்னர் சங்கர். தோட்டங்களில் ஆடப்படும் கூத்தாகவே நீங்கள் அதைப் பார்த்திருக்கக்கூடும். அந்தக் கதையைக் கலைஞர் மு. கருணாநிதி நாவலாக எழுதியிருக்கிறார். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்குநாட்டில் பாடகர்களிடமிருந்து அதை ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பாடம் அண்ணன்மார் சுவாமி கதை என்று பின்னர் அச்சிலும் வந்தது. நாவலை முதலில் வாசியுங்கள், பாடப்பட்ட வடிவத்தை அடுத்து. நாவலாசிரியர் ஒருமுறை சொல்லி முடிப்பதைப் பாடகர் ஏன் மூன்று தரம் சொல்கிறார் என்பது அப்போது பிடிபடும். கேட்பவர் நடுவில் எழுந்து போய் வரலாம், நடுச்சாமத்தில் கண்ணயரலாம். அதற்காக வைத்த திரும்பல் அது. இது புரிந்தால் நாட்டார் கதைகள் ‘ஒன்றுபோல’ இருப்பது உங்களைத் தொந்தரவு செய்யாது.

அந்தத் தொகுப்பை நீங்கள் நாவல்போலத் தொடர்ந்து வாசித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு கதைக்கு மேல் வேண்டாம், அதையும் வாய்விட்டு வாசியுங்கள். ஒரே கதையின் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் சிறந்த முறை. குரங்கின் ஈரலுக்கோ இதயத்துக்கோ ஆசைப்பட்ட முதலைக் கதை பஞ்சதந்திரத்திலும் இருக்கிறது, புத்த ஜாதகக் கதைகளில் 208ஆவதாகவும் இருக்கிறது. பஞ்சதந்திரத்தில் குரங்கும் முதலையும் முன்பே நண்பர்கள், ஆகவே அது நம்பிக்கைத் துரோகத்தின் கதை. ஜாதகத்தில் அந்த நட்பு இல்லை. போதிசத்துவரான குரங்கின் மதிநுட்பமே அங்கே பேசப்படுகிறது. இப்படி ஒப்பிட்டாலே பௌத்த இலக்கியத்துக்குள் ஒரு காலை வைத்துவிட்டீர்கள். அங்கிருந்து 423 பாடல்கள் கொண்ட தம்மபதம் தூரமில்லை.

வகுப்புக்கு இன்னொரு சோடி சொல்கிறேன். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் குருவுக்கு ஐந்து சீடர்கள். சிங்களக் கிராமங்களில் சொல்லப்படும் மகதெனமுத்தாவுக்கும் ஐந்து சீடர்கள்தான். பானைக்குள் தலை மாட்டிக்கொண்ட ஆட்டின் தலையை வெட்டிவிட்டு, அதன்பிறகு பானையையும் உடைக்கிற மகதெனமுத்தாவைப் பிள்ளைகள் சிங்களப் பாடத்தில் சந்தித்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

தொகுப்பு நல்லதா என்று அறிய முன்னுரையைப் பாருங்கள். கதையைச் சொன்னவர் யார், எந்த ஊர், யார் எழுதியெடுத்தார் என்ற விவரம் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் வேறொரு புத்தகத்திலிருந்து திருத்தி எழுதியதாக இருக்கும். பேச்சை வெளுத்து, முடிவில் ஒரு நீதியையும் ஒட்டிவிடுவார்கள். கி. ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம் சொல்லும் வாயின் வாசனையைக் காப்பாற்றியது. ஆனால் அவர் பெரியவர்களுக்கான பாலியல் கதைகளையும் தொகுத்திருக்கிறார். மாணவர் கையில் கொடுக்குமுன் எந்தப் புத்தகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய பாட்டுகளை விட்டுவிடாதீர்கள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் வந்தது. கோப்பிப் பழம் பறிக்கையில் ஒரு பழம் தப்பியதற்காகச் சின்னதுரை உதைத்ததைச் சொல்லும் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தேயிலைக்கு முந்திய காலத்தின் குரல் அது. இலைநோய் 1869இல் இங்கே தென்பட்டு, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பியை ஏறக்குறைய அழித்துவிட்டது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். எந்த வரலாற்று நூலிலும் இல்லாத அந்த உதை ஒரு பாட்டில் தங்கியிருக்கிறது. ஆனால் பாட்டு முழுவதற்கும் ஒரே வயது என்று முடிவுகட்டக் கூடாது. பாடுகிறவர்கள் காலத்துக்கேற்ப வரிகளை மாற்றுவார்கள். கோப்பி வரும் வரி பழையதாகவும் அடுத்த வரி புதியதாகவும் இருக்கலாம். இந்தப் பாட்டுகளுக்குப் பிறகு மு. சிவலிங்கத்தின் பஞ்சம் பிழைக்க வந்த சீமை நாவலை எடுங்கள். சோழரைப் பற்றி இவ்வளவு தெரிந்த நீங்கள் நமது பாட்டன் பூட்டன் நடந்துவந்த வழியையும் அதே ஆவலோடு வாசிக்க வேண்டும். அதுவும் வரலாற்று நாவல்தான்.

இனித் திருமந்திரம். மூவாயிரம் பாடல்களுக்குப் பாயிரமே நூற்றுக்கு மேல். அதை முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்குமில்லை. உங்களுக்கு வாசல் காமன் கூத்து. மாசியில் கம்பம் ஊன்றி, மன்மதனும் ரதியும் ஆடி, கடைசியில் சிவன் கண்ணில் காமன் எரிகிறான். அந்தக் கதையைக் கந்தபுராணத்தின் உற்பத்திக் காண்டத்தில் காமதகனப் படலத்தில் வாசியுங்கள். காவிய நடை கனமானதுதான், உரையோடு மெல்லப் போங்கள். அதன்பிறகு திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் சிவனின் எட்டு வீரச் செயல்களைச் சொல்லும் ‘பதிவலியில் வீரட்டம் எட்டு’ என்ற பகுதிக்கு வாருங்கள். எட்டே பாடல்கள். கடைசிப் பாட்டில் அதே காமன். கூத்தில் ரதி அழுது புலம்ப எரிந்தவன், திருமூலரிடம் மனத்தை இருத்திச் செய்யும் யோகத்தில் அடங்கிப்போகிறான். தப்பு மேளமும் தீப்பந்தமுமாகத் தோட்டமே கூடிப் பார்த்த ஒன்று, ஒருவர் தனியே உட்கார்ந்து செய்யும் பயிற்சியாக மாறுவதை அந்த நான்கு வரியில் பார்க்கலாம். இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து முதல் தந்திரத்துக்குத் திரும்பி அன்புடைமை, நிலையாமைப் பகுதிகளை வாசியுங்கள். மூன்றாம் தந்திரத்து யோகப் பாடல்களை இப்போதைக்கு விடுங்கள். பதம் பிரித்து, பொழிப்புரையும் கொடுத்த பதிப்பாக எடுங்கள். மூலம் மட்டும் உள்ள மலிவுப் பதிப்பில்தான் அநேகர் பாயிரத்தோடு நின்றுவிடுகிறார்கள். சித்தர் பாடல்களுக்கு ஆசைப்பட்டால் பட்டினத்தார் முதலில், சிவவாக்கியர் பிறகு. போகர் பெயரில் உள்ள மருத்துவ, ரசவாத நூல்கள் மறைமொழியில் எழுதப்பட்டவை. அவற்றில் வரும் பாதரசச் செய்முறைகளை வீட்டில் தொடவே கூடாது.

நாவலும் ஞானமும் ஒரே ஆளிடம் கிடைத்த இடம் கண்டி. அங்கே 1838இல் பிறந்த சித்திலெவ்வை எழுதிய அசன்பேயுடைய கதை 1885இல் வெளியானது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது அதுதான். அவரே 1897இல் அஸ்றாறுல் ஆலம் என்ற மெய்ஞ்ஞான நூலையும் எழுதினார். நாவலை முடித்துவிட்டு இதைத் தொட்டால், அடுத்து சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள் தாமாகவே வந்து சேரும். தாயுமானவரை அறிந்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தெரியமாட்டார்.

எங்கே எடுப்பது என்று கேட்டீர்கள். பொது நூலகத்தில் நாவல் தட்டோடு நின்றுவிடாமல் முதுகில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைப் பார்த்துப் போங்கள். தமிழ் இலக்கியம் 894.811இல் தொடங்கும், நாவலும் சிறுகதையும் 894.8113. நாட்டார் கதைகள் 398.2. பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297, இலங்கை வரலாறு 954.93. கி.ரா.வின் நாவல் ஓரிடத்திலும் அவர் தொகுத்த கதைகள் வேறோர் அறையிலும் இருப்பது இதனால்தான். ஹட்டனில் கிடைக்காதவற்றுக்குக் கண்டி டி. எஸ். சேனாநாயக்க நூலகம் வரை ஒருமுறை போய்வரலாம், இலக்கங்களை எழுதிக்கொண்டு போனால் ஒரு நாள் போதும்.

மலையக எழுத்தாளர்களின் பழைய நூல்கள் கடையில் அரிது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் அவற்றில் பலவும் இலவசமாக இருக்கின்றன. எழுத்து வேறுபாட்டால் தேடல் தவறிப்போகும், ஆகவே புத்தகப் பெயரில் ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள். படமாக எடுத்த பக்கங்கள் என்பதால் கோப்பு பெரிது, வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவையுங்கள். திருமந்திரம், தாயுமானவர் முதலியவற்றின் மூலம் மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் எழுத்து வடிவிலேயே உண்டு, அது சின்னக் கைத்தொலைபேசிக்கும் பாரமில்லை. காசு கொடுத்து வாங்குவதென்றால் செப்டெம்பரில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் பட்டியலோடு போங்கள். உரை நூல்களுக்கு மட்டும் காசைச் செலவழியுங்கள், மூலங்கள் சும்மாவே கிடைக்கின்றன.

பூஞ்சணத்துக்கு வருவோம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் கடதாசியில் பூஞ்சணம் வளரும். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அதற்குக் குறைவாக இருப்பதே அபூர்வம். அலுமாரியை வெளிச்சுவரில் சாய்க்காமல் உட்சுவர்ப் பக்கம், நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். புத்தகங்களை நெருக்கி அடைக்க வேண்டாம், பொலித்தீன் உறையில் கட்டவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காயும், ஆனால் புகை படிந்து ஒட்டுப்பசை வெடிக்கும். பச்சை வேப்பிலை வைப்பது இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தைத் தடுக்காது.

ஏற்கெனவே பிடித்ததை ஈரத்துணியால் துடைத்தால் கறை உள்ளே இறங்கும். முதலில் அந்தப் புத்தகத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கடதாசிப் பையில் போடுங்கள். மழையில்லாத நாளில் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நிழலில் விரித்து நன்றாகக் காயவிட்டு, மெல்லிய தூரிகையால் முதுகுப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். நேர் வெயில் வேண்டாம், தாள் பழுத்துப்போகும். நனைந்த புத்தகமென்றால் இருபது பக்கத்துக்கு ஒரு வெற்றுத்தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாளின் மை ஒட்டும், அதைச் செருகாதீர்கள். அநேகமாகக் காய்ந்த பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவில் பாரம் வைத்தால் நெளிவு நிமிரும்.