மீன் கொழுப்பு, குடி, மூளை: கேள்வி பதில்

நாகப்பட்டினம்: சார், தினம் மத்தி தின்னா குடிச்சாலும் மூளைக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க. மெய்யா?

2013-ல் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் காலின்ஸ் குழுவினர் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. எலி மூளைத் திசுவில் ஆல்கஹால் விட்டார்கள். செல் வீங்கியது, ஒரு நொதி முடுக்கிவிடப்பட்டு, செல் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பைப் பிய்த்தெடுத்தது, அழற்சி வந்து செல்கள் செத்தன. மீன் எண்ணெயிலுள்ள டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பைச் சேர்த்த திசுவில் இந்தச் சேதம் 90 சதவீதம் வரை குறைந்தது. ஆனால் அது கிண்ணத்தில் வளர்ந்த திசு. தினம் ஒரு குவார்ட்டர், அதாவது சுமார் 60 கிராம் ஆல்கஹால், போடுகிறவரை மத்தி காப்பாற்றும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கும்பகோணம்: நாங்க சைவம். ஆளி விதை போதும்னு சொல்றாங்க, சரியா சார்?

பொடித்துச் சாப்பிடுங்கள், முழு விதை அப்படியே வெளியேறிவிடும். அதிலுள்ள ஒமேகா-3 உடம்பில் டி.எச்.ஏ.வாக மாறுவது மிகச் சொற்பம். பாசி எண்ணெய் மாத்திரையில் நேரடியாகவே டி.எச்.ஏ. உண்டு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-3 தேடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: வறுவலா, குழம்பா?

குழம்பு. வறுத்தால் மீன் கொழுப்பில் ஒரு பங்கு சட்டி எண்ணெயோடு போய்விடும்.

மன்னார்குடி: அப்பா 20 வருஷமா குடிக்கிறார். பத்து நாளா சோறு இறங்கல, தள்ளாடுறார், பேச்சு குழம்புது. மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா?

மாத்திரையை விடுங்கள், இன்றே ஆஸ்பத்திரி. இது தயமின், அதாவது பி1 வைட்டமின், தீர்ந்துபோனதன் அறிகுறியாக இருக்கலாம். உடம்பின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். குடி, குடலில் அது சேர்வதையும் தடுக்கும். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். பலருக்கு ஒன்றிரண்டுதான் தெரியும். தாமதித்தால் ஞாபகம் நிரந்தரமாகப் போகலாம். வாய்வழி மாத்திரை சரியாகச் சேராது, ஊசிதான். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அதனால் "தினம் குடிப்பவர், பத்து நாளாகச் சாப்பிடவில்லை" என்று உள்ளே நுழைந்ததுமே டாக்டரிடம் சொல்லுங்கள். பின்னாளில் வீட்டுச் சோற்றுக்குத் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் நல்லது. அவிக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கஞ்சியையும் வடித்துக் கொட்டாதீர்கள்.

அதே வாசகர்: இன்னிக்கே குடியை நிறுத்திடச் சொல்லவா சார்?

வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கடைசிக் குடிக்குப்பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் நடுக்கமும் பிதற்றலும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்து, மருந்து கொடுத்து நிறுத்துவார்கள். வழியிலேயே வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.