பாதி டெர்மினல் எழுகிறது, பாதி எழவில்லை

கேள்வி: எங்கள் பள்ளி லேபில் ஒரு சர்வர், டெர்மினல்களாக ஹார்ட் டிஸ்க் இல்லாத 16 பழைய கணினிகள். உபுண்டுவில் எல்டிஎஸ்பி (டிஸ்க் இல்லாத கணினிகளை நெட்வொர்க் வழியே எழுப்பும் மென்பொருள்) போட்டு ஒரு வருடம் நன்றாக ஓடியது. போன மாதம் ஃபைபர் இணைப்பு வந்தபோது மோடத்தை லேப் சுவிட்சிலேயே செருகினார்கள். சுவிட்சையும் கிகாபிட்டாக மாற்றினார்கள். அதிலிருந்து காலையில் பாதி கணினிகள்தான் எழுகின்றன, அதுவும் தினம் ஒரு பாதி. மற்றவை கறுப்புத் திரையில் 'பிஎக்ஸ்இ-இ53' என்று நிற்கின்றன. எழுந்தவையும் திணறுகின்றன. ஆறாம் வகுப்புக்குப் புதிதாகச் சேர்த்த கணக்குகள் சர்வரில் திறக்கின்றன, டெர்மினலில் திறக்கவில்லை. பார்க்க வந்தவர் சர்வருக்கு 32 ஜிபி ராம் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி நிறுவச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ராமும் வேண்டாம், மறுபடி நிறுவவும் வேண்டாம். உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். ஒரே மாதத்தில் வந்து சேர்ந்ததால் ஒன்றுபோலத் தெரிகிறது.

முதலில் இ53. நீங்கள் எழுதியதில் உருப்படியான துப்பு 'தினம் ஒரு பாதி' என்பதுதான். கார்டோ கேபிளோ கெட்டிருந்தால் தினமும் அதே கணினிதான் மக்கர் செய்யும். ஆள் மாறி மாறி நிற்கிறது என்றால் அங்கே யார் முந்துவது என்று ஒரு போட்டி நடக்கிறது. டெர்மினலைப் போட்டதும் அது ஐபி முகவரி கேட்டு நெட்வொர்க் முழுக்கக் கூவும். எந்தக் கோப்பை எடுத்து எழுவது என்றும் கேட்கும். இதுவரை பதில் சொல்ல உங்கள் சர்வர் மட்டும்தான் இருந்தது. இப்போது மோடமும் டிஎச்சிபி (இப்படி முகவரி கொடுக்கும் வேலை) பரிமாறுகிறது. அதற்கு முகவரி கொடுக்கத் தெரியும், கோப்பின் பெயர் தெரியாது. அதன் பதிலைப் பிடித்துக்கொண்ட கணினி, முகவரியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறது. 'பூட் கோப்பின் பெயர் வரவில்லை' என்பதுதான் இ53-க்கு அர்த்தமே. போதாக்குறைக்கு, சர்வரில் இந்தப் பதில்களைத் தரும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராம் கொஞ்சம் பொறுப்பானது. புது முகவரி கொடுக்கும் முன் அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பிங் அடித்துப் பார்க்கும். அந்த இடைவெளியே மோடம் முந்துவதற்குப் போதும்.

நின்றுபோன திரை ஒன்றில் பிழைக்கு மேலே உள்ள வரியைப் படியுங்கள். சில பழைய போர்டுகளில் 'டிஎச்சிபி ஐபி' என்று ஓர் எண் இருக்கும். அங்கே உங்கள் சர்வரின் எண் இல்லாமல் 192.168.1.1 மாதிரி ஒன்று இருந்தால் ஆள் பிடிபட்டாயிற்று. அந்த வரி வராவிட்டாலும் பரவாயில்லை: சுவிட்சிலிருந்து மோடத்தின் கேபிளை உருவிவிட்டு 16 கணினிகளையும் போடுங்கள். பதினாறும் எழுந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்யும் வரை சர்வரில் கை வைக்காதீர்கள்.

சரி, தீர்வு. மோடத்தில் டிஎச்சிபியை அணைப்பது சுலபம். ஆனால் சர்வர் அணைந்திருக்கும் நேரத்தில் தலைமையாசிரியரின் ஃபோனுக்கு நெட் வராது. யாராவது மோடத்தை ரீசெட் செய்வார்கள், கதை முதலிலிருந்து தொடங்கும். என் தேர்வு வேறு. சர்வரில் இன்னொரு நெட்வொர்க் கார்டு போடுங்கள், பெரிய செலவில்லை. ஒரு கார்டு மோடத்துக்கு, மற்றது லேப் சுவிட்சுக்கு. லேப் பக்கத்துக் கார்டுக்கு 192.168.67.1 என்று முகவரி வையுங்கள். எல்டிஎஸ்பி தன் இயல்பான அமைப்பில் அந்த முகவரி வரிசைக்குத்தான் முழு டிஎச்சிபி கொடுக்கும். டெர்மினல்களுக்கும் இணையம் வேண்டுமானால் எல்டிஎஸ்பி.கான்ஃப் கோப்பின் சர்வர் பகுதியில் நேட் என்பதை 1 ஆக்குங்கள். மோடமும் டெர்மினல்களும் இனி ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது.

ஒரே கார்டோடுதான் ஓட்டியாக வேண்டும் என்றால், சர்வருக்கு மோடத்தின் வரிசையிலேயே நிலையான முகவரி கொடுங்கள். அப்போது முகவரியை மோடம் தரும், கோப்பின் பெயரை மட்டும் சர்வர் தரும். இதற்குப் பெயர் ப்ராக்ஸி டிஎச்சிபி. வேலை செய்யும், ஆனால் சில பழைய கார்டுகள் முரண்டு பிடிக்கும்.

இ53-க்குப் பதிலாக வேறு எண் வந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். இ61 என்றால் கேபிள். இ51 என்றால் யாருமே பதில் தரவில்லை. டிஎன்எஸ்மாஸ்க் ஓடுகிறதா என்று பாருங்கள். இ32 என்றால் டிஎஃப்டிபி, அதாவது பூட் கோப்பை இறக்கும் வழி, நேரம் கடந்துவிட்டது. முதலில் சர்வரின் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது வேகம். ராம் யோசனை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. பழைய எல்டிஎஸ்பியில் புரோகிராம்கள் சர்வரில் ஓடும், டெர்மினல் திரையை மட்டும் காட்டும். அப்போது ராம்தான் எல்லாம். 2019-இல் அதை அடியோடு மாற்றி எழுதினார்கள். இப்போது டெர்மினல் தன் ப்ராசஸரில், தன் ராமிலேயே ஓடுகிறது. நாம் பழக்கதோஷத்தில் 'தின் கிளையண்ட்' என்கிறோம், அவ்வளவுதான். சர்வர் கொடுப்பது டிஸ்க்கும் பிள்ளைகளின் கோப்புகளும். ஆகவே பார்க்க வேண்டியது நெட்வொர்க்கை.

சுவிட்ச் மாறியதும் மந்தமானது என்பதால் ஃப்ளோ கண்ட்ரோல் (அனுப்புபவரை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு) மீது எனக்குச் சந்தேகம். உங்கள் சர்வர் 1000 எம்பிபிஎஸ்ஸில் அனுப்புகிறது. பழைய கணினிகளில் பல 100-ஐத் தாண்டாது. அப்படிப்பட்ட ஒன்று திணறும்போது சுவிட்ச் சர்வரைப் பார்த்து 'கொஞ்சம் நிறுத்து' என்கிறது. சர்வரும் நிறுத்துகிறது, அந்த ஒன்றுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். பஸ்ஸில் ஒருவர் சில்லறை தேட, பின்னால் மொத்த வரிசையும் நிற்பது மாதிரி. ஒரு பையன் பெரிய கோப்பைத் திறந்தால் லேபே உறைகிறது என்றால் இதுதான்.

சர்வரில் நெட்வொர்க் கார்டின் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையில் சின்ன 'ஏ' போட்டால் ஃப்ளோ கண்ட்ரோல் நிலவரம் காட்டும். பெரிய 'ஏ' போட்டு ஆர்எக்ஸ் (வாங்குவது), டிஎக்ஸ் (அனுப்புவது) இரண்டையும் 'ஆஃப்' என்றால் அணையும். லேப் பக்கத்துக் கார்டுக்குத்தான் செய்ய வேண்டும். சர்வரை அணைத்துப் போட்டால் இது மறந்துவிடும், அதனால் தொடக்கத்திலேயே ஓடும்படி, உபுண்டு எழும்போது வேலைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் எழுதி வையுங்கள்.

அப்படியே அதே ஈத்டூலில் 'ஸ்பீட்' வரியையும் பாருங்கள். ஒரு லேபில் நான் அரை நாள் ஃப்ளோ கண்ட்ரோலோடு மல்லுக்கட்டிய பிறகுதான் சர்வரே 100-இல் ஓடுவதைக் கவனித்தேன். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். அங்கே ஒரு ஜோடியை எலி கடித்திருந்தது. இணைப்பு அறுந்து போகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கியிருந்தது.

மூன்றாவது, கணக்குகள். இது கோளாறே இல்லை. யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்ற பட்டியலை டெர்மினல் எழும்போது ஒரு சின்னப் பொட்டலமாகச் சர்வரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொட்டலம் தானாகப் புதுப்பிக்காது. 'எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி' கட்டளையை ஓட்டி, டெர்மினல்களை அணைத்துப் போடுங்கள். புது மென்பொருள் நிறுவினால் மட்டும் 'எல்டிஎஸ்பி இமேஜ்' ஓட்ட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், வகுப்பு நடக்கும்போது தொடங்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பெயர்கள் இன்னும் பாக்கி இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட்டு ஒரே தடவை இனிட்ஆர்டி ஓட்டினால் போதும்.