படத் தரமா, வசதிகளா? கேமரா வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. நடனம் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய மேடை நிகழ்ச்சிகளையும், மாலையில் வீட்டுக்குள் பிள்ளைகள் ஓடி ஆடுவதையும் படமெடுக்க ஒரு கேமரா வாங்க வேண்டும். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கண்ணில் படுகின்றன. ஒன்றில் 60 மடங்கு ஜூம், ஜிபிஎஸ், 4கே வீடியோ, விதவிதமான காட்சி முறைகள் என்று பட்டியல் நீள்கிறது. அதன் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) 1/2.3 அங்குலம், லென்ஸ் மாற்ற முடியாது. மற்றொன்று ஏபிஎஸ்-சி என்ற பெரிய அளவு சென்சார் கொண்ட, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. அதனுடன் 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வருகிறது, வசதிகள் குறைவு. படத் தரத்தைப் பார் என்கிறார் அண்ணன். இவ்வளவு வசதிகளை விட்டுவிடுவதா என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் தேவைக்கு இரண்டாவது கேமராதான் சரி. ஆனாலும் கணவரின் பேச்சை ஒதுக்கிவிடாதீர்கள். வசதி என்ற சொல்லுக்குள் இரண்டு வேறுவேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் உங்கள் வீட்டு வழக்கு தீர்ந்துவிடும்.

முதலில் வெளிச்சம். நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களுமே வெளிச்சம் குறைந்தவை. இரண்டிலும் எதிரில் இருப்பவர் அசைந்துகொண்டே இருப்பார். கேமராவுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. நண்பகல் வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல படம் தரும். அங்கே இந்த இரண்டுக்கும் வேறுபாடு காண்பதே கடினம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகளின் நடன நிகழ்ச்சிக்கு நீண்ட ஜூம் கொண்ட கேமராவுடன் போயிருந்தேன். பின்வரிசையில் நின்று எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகவே தெரிந்தது. இரவு வீடு திரும்பிக் கணினியில் பெரிதாக்கினால், கூந்தல் கறுப்பு மை பூசியதுபோல் ஒரே பரப்பாக இருந்தது. ஓர் இழைகூடத் தனியாகத் தெரியவில்லை. உடையில் வரிசையாகத் தைத்திருந்த மணிகள் ஒன்றோடொன்று குழைந்து மஞ்சள் கோடாகிவிட்டன. சுழன்ற கைகள் முழங்கைக்குக் கீழே புகையாகக் கரைந்திருந்தன. 200 படங்களில் அக்காவுக்குக் கொடுக்கத் தகுந்தவை நான்கோ ஐந்தோதான். இன்றும் அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை.

என்ன நடந்தது என்று பார்ப்போம். 1/2.3 அங்குல சென்சார் உண்மையில் சுமார் 6.2 x 4.6 மில்லிமீட்டர்தான். (அங்குலக் கணக்கு பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வந்தது. சென்சாரின் நீள அகலத்தை அது சொல்லாது.) ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 x 15.6 மில்லிமீட்டர், சில நிறுவனங்களில் கொஞ்சம் சிறியது. பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 13 மடங்கு. மழையில் தம்ளரையும் அண்டாவையும் ஒரே நேரம் வைத்ததுபோல, அதே லென்ஸ் துளை, அதே ஷட்டர் வேகத்தில் பெரிய சென்சார் அத்தனை மடங்கு ஒளியைப் பிடிக்கிறது. ஒளி போதாத இடத்தில் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, ஏற்றிச் சமாளிக்கும். படம் புள்ளிப் புள்ளியாகும். அந்தப் புள்ளிகளை மறைக்க உள்ளே இருக்கும் மென்பொருள் படத்தை மெழுகும். கூந்தலும் மணிகளும் அந்த மெழுகலில்தான் போயின.

கை புகையானதற்குக் காரணம் வேறு. நீண்ட ஜூமின் கோடிக்குப் போகப் போக லென்ஸின் துளை சுருங்கும். 60 மடங்கு ஜூம் கேமராக்களில் கோடியில் அது எஃப்/6-ஐ ஒட்டி வந்துவிடும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறியது). ஒளி குறையக் குறைய ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டியிருக்கிறது. அசைவுத் தடுப்பு வசதி உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே பிடித்து நிறுத்தும். ஆடும் குழந்தையை அது நிறுத்தாது. நடனத்துக்கு 1/250 நொடியாவது வேண்டும், துள்ளிக் குதிக்கும் இடத்தில் 1/500.

உங்கள் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. பெரிய சென்சார் கேமராவுடன் வரும் 18-55 லென்ஸும் 55-இல், அதாவது அதன் ஜூமின் கோடியில், எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும். படத்தில் புள்ளி குறைவாக விழும், அவ்வளவுதான். கை புகையாவது நிற்காது. தூரமும் இடிக்கும். மேடையிலிருந்து 20 மீட்டரில் உட்கார்ந்து 55-இல் எடுத்தால் சட்டத்துக்குள் கிட்டத்தட்ட எட்டரை மீட்டர் அகல மேடை விழும். 1.4 மீட்டர் உயரமுள்ள உங்கள் மகள் படத்தின் உயரத்தில் கால் பங்குதான் இருப்பாள். 24 மெகாபிக்சல் படத்தில் அவளை மட்டும் வெட்டி எடுத்தால் உச்சி முதல் பாதம் வரை சுமார் 1,000 பிக்சல். கைபேசியில் பார்க்கப் போதும். அச்சிட்டால் எட்டரை சென்டிமீட்டருக்கு மேல் தெளிவாக வராது.

ஆகவே கேமராவை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அடுத்து பணம் சேரும்போது 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் லென்ஸ் வரிசையில் மிக மலிவானவற்றுள் அது ஒன்று. அதன் துளை எஃப்/5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமாக ஒளியை உள்ளே விடும். அதாவது, முன்பு 1/60 நொடிக்கு மேல் போக முடியாமல் தவித்த அதே மேடையில் இப்போது 1/500 கிடைக்கும். அதில் ஜூம் கிடையாது, எனவே 10 மீட்டருக்குள் இடம் பிடியுங்கள். அங்கிருந்து உங்கள் மகள் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய பாதியை நிறைப்பாள். நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்காருவது நடக்கும் காரியம் என்றால் இந்த ஜோடியை அடிக்க ஆளில்லை. வீட்டுக்குள் எடுக்கவும் அதே லென்ஸ் உதவும். அறை சிறியதென்றால் கொஞ்சம் பின்னால் நகர வேண்டியிருக்கும்.

இனி கணவரின் கேள்விக்கு வருகிறேன். எந்த வசதியைக் கண்டாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதைப் பிறகு செய்துகொள்ள முடியுமா? பழுப்பு நிறப் படம், பொம்மை நகர விளைவு, சட்டங்கள், டிஜிட்டல் ஜூம் எல்லாவற்றையும் பிறகு கணினியிலோ கைபேசியிலோ செய்யலாம். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதற்குப் பணம் கொடுப்பது வீண். எடுத்த இடத்தையும் நாளையும் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஆனால் ஃபோகஸ் தவறிய கண்ணை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடியாது. பொத்தானை அழுத்தியும் கேமரா யோசித்துக்கொண்டிருந்ததால் நழுவிய புன்னகை போனது போனதுதான். எனவே முகத்தையும் கண்ணையும் கண்டுபிடித்துத் தொடரும் ஃபோகஸ், வேகமாகத் தொடர்ந்து எடுக்கும் திறன், ஷட்டரையும் துளையையும் மெனுவுக்குள் தேடாமல் மாற்றத் தனித்தனித் திருகுகள் ஆகியவற்றில் கஞ்சத்தனம் கூடாது. இவை வசதிப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தாலும் உண்மையில் படத் தரமேதான். நீங்கள் பார்த்த ஏபிஎஸ்-சி கேமராவில் கண்ணைத் தொடரும் ஃபோகஸ் இல்லையென்றால், மற்ற எதையாவது குறைத்துக்கொண்டு அது இருக்கும் மாடலைத் தேடுங்கள்.

ரா கோப்பு (சென்சார் பதிந்ததை மெழுகாமல் அப்படியே வைக்கும் கோப்பு) வசதியையும் இந்தப் பக்கமே சேர்க்கிறேன். வழக்கமான ஜேபிஜி கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளைத்தான் வைத்துக்கொள்ளும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். மேடையின் சிவப்பு விளக்கு முகத்தைக் கெடுத்தால் ராவில் ஓரளவு மீட்கலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். வாசல் வெளிச்சத்தில் எடுக்காமல் கடையின் இருட்டான மூலைக்குப் போய், கூட வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி, ஐஎஸ்ஓ 3200-இல் இரண்டு கேமராவிலும் பத்துப் பத்துப் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து புருவத்தையும் சட்டைத் துணியின் நெசவையும் பெரிதாக்கிப் பாருங்கள். விற்பனையாளர், அண்ணன், கணவர், நான் எல்லோரும் சொல்வதைவிட அந்த இருபது படங்கள் அதிகம் சொல்லும்.

இன்னும் ஒன்று. மேடையில் சத்தம் வேண்டாம் என்று ஓசையில்லாத மின்னணு ஷட்டரைப் போடுவீர்கள். எல்இடி விளக்குகளின் கீழ் அதில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழக்கூடும். முதல் இரண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: 24 மெகாபிக்சலுக்கும் 45 மெகாபிக்சலுக்கும் விலையில் பெரிய இடைவெளி. அதிகம் கொடுத்தால் படம் இரண்டு மடங்கு தெளிவாக இருக்குமா?

பதில்: இருக்காது. பிக்சல் நீளத்திலும் அகலத்திலும் பங்கிடப்படுவதால் ஒரு பக்கத்தில் கூடுவது சுமார் 1.37 மடங்குதான். ஏ4 தாள் முழுக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் படம் போட 8.7 மெகாபிக்சல் போதும். 4கே திரையை நிரப்ப 8.3. 2014-இல் சோனி வெளியிட்ட ஏ7எஸ் கேமரா, ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய முழுச் சட்ட சென்சாரில் 12 மெகாபிக்சலை மட்டுமே வைத்தது. இருட்டில் எடுப்பதற்காகவே பலர் அதைத் தேடி வாங்கினார்கள். சுவர் உயர அச்சு, பறவையின் தலையை மட்டும் வெட்டி எடுப்பது போன்ற வேலை உங்களுக்கு இருந்தால் 45 வாங்குங்கள். இல்லையென்றால் மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள். பெரிய கோப்புகளைச் சேமிக்க ஹார்டு டிஸ்க்கும் தனியாக வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. காலையில் தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறார். கை லேசாக நடுங்கும். விலை உயர்ந்த முழுச் சட்ட கேமராவே வாங்கிக் கொடுக்கலாம் என்று தம்பியும் நானும் பேசினோம். சரிதானே?

பதில்: உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் அந்தக் கேமரா சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறேன். தொலைவில் இருக்கும் பறவையை எட்ட 600 மில்லிமீட்டர் அளவு லென்ஸ் வேண்டும். முழுச் சட்ட கேமராவில் அந்த லென்ஸ் மட்டுமே 2 கிலோவை ஒட்டி வரும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளையைப் பார்த்து நிற்பது இளைஞர்களுக்கே தோள்வலி.

மேலே மறுத்த நீண்ட ஜூம் கேமராவைத்தான் உங்கள் அப்பாவுக்குச் சொல்லப் போகிறேன். காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்; சின்ன சென்சாரின் குறை அப்போது அவ்வளவாக வெளியே தெரியாது. ஆனால் ஜூம் எண்ணின் பெருமையில் மயங்க வேண்டாம். 2018-இல் வந்த நிக்கான் பி1000-இல் 125 மடங்கு ஜூம் இருக்கிறது, எடையும் 1.4 கிலோ. அவருக்கு அதில் பாதி ஜூமும் பாதி எடையும் போதும்.

கண்ணில் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கட்டாயம் இருக்கட்டும். திரையைப் பார்த்து எடுப்பவர் கையை நீட்டிப் பிடிப்பார், நடுக்கம் இரட்டிப்பாகும். வ்யூஃபைண்டரைக் கண்ணோடு ஒட்டி, முழங்கைகளை விலாவில் அண்டக் கொடுத்தால் உடம்பே முக்காலியாகிவிடும். வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாமல் போகும் தொல்லையும் இல்லை. கண்ணாடி அணிபவர் என்றால் பக்கத்தில் இருக்கும் சிறு திருகால் பார்வைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். வாங்கிய அன்றே அவரை உட்காரவைத்து அதைத் திருத்திக் கொடுங்கள். பலர் அப்படி ஒரு திருகு இருப்பதே தெரியாமல் கேமரா மங்கல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிட்டு, ஷட்டரை 1/1000-இல் நிறுத்திவையுங்கள்.

முடிவெடுக்கும் முன் அப்பாவையே கடைக்கு அழைத்துப்போங்கள். கேமராவை அவர் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். அவர் விரல் தானாக ஜூம் பொத்தானைத் தேடிப் பிடிக்கிறதா, மெனு எழுத்துகளைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: புதிய மாடல் வந்ததும் முந்தைய மாடல் விலை இறங்குகிறது. பழையதை வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். அடுத்தடுத்த இரண்டு மாடல்களில் சென்சார் பெரும்பாலும் பெரிதாக மாறியிருக்காது. ஃபோகஸும் வீடியோவும்தான் முன்னேறியிருக்கும். நீங்கள் எடுப்பது மலை, கட்டடம், பூ என்றால் அந்த முன்னேற்றம் உங்களுக்குத் தேவையில்லை. ஓடும் குழந்தை, நாய், விளையாட்டு என்றால் ஃபோகஸ் எவ்வளவு மாறியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் அந்த மாடலுக்கான பேட்டரி நிறுவனத்திடம் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டு, கூடுதலாக ஒன்றை அன்றே வாங்கிவிடுங்கள். உத்தரவாத அட்டையில் உள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.