நிலைத்தன்மையும் கணக்கியலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணிகவியல் இளங்கலை முடிக்கப்போகிறேன். முதுகலையில் நிதியும் கணக்கியலும் எடுத்து, நிலைத்தன்மையை (sustainability: தொழில் சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் கெடுக்காமல் நீடிப்பது) சிறப்புப் பாடமாகப் படிக்க ஆசை. என் மாமா தணிக்கையாளர். “இது நாலு வருஷ மோகம், ஐரோப்பாவே விதிகளைத் தளர்த்துகிறது, ஒழுங்காகக் கணக்கைப் படி” என்கிறார். இதில் உண்மையிலேயே படிக்க என்ன இருக்கிறது? கணக்கியலில் பின்தங்கிவிடுவேனா?

ர.

அன்புள்ள ர.,

மாமா சொல்வதில் பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் தன் நிலைத்தன்மை அறிக்கை விதிகளைத் தள்ளிப்போடவும் சுருக்கவும் தொடங்கியது. ஆனால் விதி சுருங்கிவிட்டது என்பதற்காக, கடலோரத் தொழிற்சாலைக்கு வெள்ள ஆபத்து குறைந்துவிடாது. அதற்குக் கடன் கொடுத்த வங்கியும் காப்பீடு கொடுத்த நிறுவனமும் அந்த ஆபத்தைக் கணக்கிட்டே ஆகவேண்டும். அதைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஒரு சுரங்க நிறுவனம் 40 ஆண்டு கழித்து நிலத்தைச் சீர்செய்து தரவேண்டும், அன்றைக்கு 100 கோடி செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஏஎஸ் 37 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி அந்தக் கடமையை இன்றைய மதிப்பில் இப்போதே பொறுப்பாகக் காட்டவேண்டும். வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு வீதம் (discount rate) ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் அது 45 கோடிக்குச் சற்று மேல். 6 சதவீதம் என்றால் 10 கோடிகூட வராது. நிலம் அதேதான், செய்யவேண்டிய வேலையும் அதேதான். சந்தை நிலவரத்தை ஒட்டிய வீதம் வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. அப்படியும் போடுகிறவரின் முடிவுக்கு இடம் இருக்கிறது. 2006-ல் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் காலநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது, வில்லியம் நார்ட்ஹாஸ் போன்ற பொருளாதார அறிஞர்கள் அவரோடு மோதியது பெரிதும் இந்த ஒரு எண்ணைப் பற்றித்தான். பிறக்காதவர்களின் நஷ்டத்துக்கு இன்று என்ன எடை என்ற கேள்வி, ஒரு சதவீதக் குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதை வெறும் சூத்திரமாகப் படித்துக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்தது எல்லை. யாருக்குக் கட்டுப்பாடு இருக்கிறதோ அவர் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று, தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனங்களையும் சேர்த்துப் போடும் குழுமக் கணக்கில் படித்திருப்பீர்கள். நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிடுவதற்காக 2001-ல் வந்த பசுங்குடில் வாயு நெறிமுறை அந்த வேலியைத் தாண்டிப் போகிறது. உமிழ்வை அது ஸ்கோப் என்ற மூன்று வகையாகப் பிரிக்கிறது. சொந்த எரிபொருள் ஸ்கோப் 1, வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2, மற்றது முழுக்க ஸ்கோப் 3. கார் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உமிழ்வு, விற்றுவிட்ட கார்களின் புகையில்தான் வருகிறது. அந்தக் கார்கள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. போதாததற்கு மின்நிலையத்தின் ஸ்கோப் 1, மின்சாரம் வாங்கியவரின் ஸ்கோப் 2 ஆகவும் பதிவாகும். பேரேட்டில் ஒன்றையே இருமுறை எண்ணுவது பிழை. இங்கே அது தெரிந்தே வைத்திருக்கும் ஏற்பாடு. ஏன் என்று வகுப்பில் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அதற்கு ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்வார்.

இதெல்லாம் யாருடைய கண்ணுக்காக என்பதிலும் உலகம் பிரிந்து நிற்கிறது. நிலைத்தன்மை அறிக்கைக்காக 2023 ஜூனில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற பன்னாட்டுத் தரநிலைகள் முதலீட்டாளரை முன்னிறுத்துகின்றன. காலநிலை நிறுவனத்தின் பணத்தை எப்படிப் பாதிக்கும் என்பதே அவற்றின் கேள்வி. ஐரோப்பிய முறை, நிறுவனம் மண்ணையும் மக்களையும் எப்படிப் பாதிக்கிறது என்றும் சேர்த்துக் கேட்கிறது. என் மனம் இரண்டாவதன் பக்கம். ஆற்றைக் கெடுத்தவனின் லாபம் குறையாவிட்டாலும் ஆறு கெட்டதுதானே.

நிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூக, நிர்வாக நடத்தைக்குப் போடும் இஎஸ்ஜி மதிப்பெண் அட்டைகளை மட்டும் கற்றுத்தரும் படிப்பில் சேராதீர்கள். பெர்க், கோல்பெல், ரிகோபோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு நிறுவனங்கள் தரும் இஎஸ்ஜி மதிப்பீடுகளின் சராசரி ஒட்டுறவு (முழுதும் ஒத்துப்போனால் 1) 0.54 மட்டுமே. கடன் தரமதிப்பீடுகளில் அது 0.9-க்கு மேல். ஒரே கம்பெனியை ஒருவர் முன்வரிசையிலும் இன்னொருவர் பின்வரிசையிலும் வைக்கலாம் என்றால், அந்த மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே தேவை.

ஆகவே கணக்கியலில் பின்தங்குவீர்களா என்ற பயம், எந்தப் படிப்பைத் தேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குழுமக் கணக்கு, மதிப்பீடு, தணிக்கை, புள்ளியியல் நான்கும் கட்டாயமாக இருக்கிறதா பாருங்கள். அவற்றுக்குள்ளேயே நிலைத்தன்மை வரவேண்டும். கடைசிப் பருவத்தில் ஒட்டவைத்த ஒரு விருப்பப் பாடம் போதாது. மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்: நிலைத்தன்மை அறிக்கைகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஐஎஸ்எஸ்ஏ 5000 என்ற தரநிலை 2024 நவம்பரில் வெளியானது. அவர் தொழிலுக்கு வந்திருக்கும் புது வேலை அது.

ஆய்வேட்டுக்கு இப்போதே ஒரு யோசனை. 2050-க்குள் நிகர பூஜ்ஜியம் (வெளியிடும் கார்பனும் நீக்கும் கார்பனும் சமமாவது) என்று அறிவித்த ஒரு சிமெண்ட் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். முன்பக்க வாக்குறுதியை விட்டுவிட்டு நேரே நிதிநிலைக் குறிப்புகளுக்குப் போங்கள். சூளைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் போட்டுத் தேய்மானம் கழிக்கிறார்கள்? ஐஏஎஸ் 36-ன்படி சொத்தின் மதிப்புக் குறைவைச் சோதிக்கும்போது கார்பனுக்கு ஏதாவது விலை வைத்தார்களா? முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துப்போகாத இடங்களைக் குறித்து வையுங்கள். ஐந்து நிறுவனங்களுக்கு இதைச் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து பேசலாம்.