போர் போடுவதற்கு முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் நான்கு, டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களின் சைலன்சரில் அடையும் கரியைப் பற்றியவை. நான்குக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். அப்பா வாங்கியது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓட்டுகிறேன், போக வர மூன்று கிலோமீட்டர். ஆறு மாதமாக 40-க்கு மேல் போகவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முனகுகிறதே தவிர இழுவை இல்லை. சைலன்சர் முனையில் கருப்பாக எண்ணெய் சொட்டுகிறது. மெக்கானிக், போர் போட்டு, அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, புது பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார். செய்துவிடலாமா ஐயா? — வாசகர், கரூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் கெட்டியாக எதிர்த்து நின்று, அதற்குப் பிறகுதான் இறங்குகிறதா? அப்படியென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் நன்றாக நிற்கிறது, முறுக்கினால் மட்டும் திணறுகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சைலன்சர் மேல்தான்.

நான் 1987-ல் திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பால் ஊற்றுகிறவர் ஒருவர் தன் டிவிஎஸ் 50-ஐத் தள்ளிக்கொண்டு வந்தார். இதே முனகல்தான். போர் போட்டோம், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாக மாற்றினோம். ஓட்டிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. கடைசியில் சைலன்சரைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது, ஊசி நுழையும் அளவுகூட வெளிச்சம் வரவில்லை. அந்த மனிதர் ஒரு மாதப் பால் காசை எங்களிடம் கொடுத்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து, இழுவை இல்லை என்று எந்த டூ-ஸ்ட்ரோக் வந்தாலும் நான் முதலில் எடுப்பது சைலன்சர் போல்ட்டுக்கான ஸ்பேனரைத்தான்.

கரி ஏன் சேர்கிறது? இந்த இன்ஜினில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிறது. ஆயில் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் ஆவியாகப் புகையோடு வெளியே வந்து, சைலன்சரின் குளிர்ந்த பின்பகுதியில் படிகிறது. அந்தப் பிசுக்கில் கரி ஒட்டி, அதன் மேல் இன்னொரு பூச்சு, அப்புறம் இன்னொன்று. நீண்ட தூரம் ஓடுகிற வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, படிந்ததில் பாதி எரிந்து போய்விடும். உங்கள் வண்டி சூடேறுவதற்குள் கடை வந்துவிடுகிறது. வண்டியில் கோளாறு இல்லாமலே அடைத்துக்கொள்ள இதுவே போதும்.

ஆர்எக்ஸில் வேலை சுலபம். சைலன்சரின் பின்முனைக்கு அருகில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே செருகியிருக்கும் துளைக் குழாய், அதாவது பேஃபிள், வெளியே வர வேண்டும். உடனே வராது. முதல் நாள் இரவே முனை வழியாகக் கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு, சைலன்சர் முனை மேலே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். காலையில் குறடால் பிடித்து இடமும் வலமும் திருகித் திருகி இழுங்கள். நேராக மட்டும் இழுத்தால் முனைத் தகடு கையோடு வந்துவிடும், குழாய் உள்ளேயே நிற்கும். வெளியே வருவது பார்க்க இரும்புக் குழாய் மாதிரியே இருக்காது. கருப்புக் களியில் முக்கி எடுத்த கட்டை மாதிரி இருக்கும். மிளகு அளவுத் துளைகள் எங்கே இருக்கின்றன என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குழாய் மேல் கண்ணாடிப் பஞ்சு சுற்றியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், பின்னால் புதிது சுற்றிக்கொள்ளலாம். திறந்தவெளியில், வண்டியும் பெட்ரோலும் பக்கத்தில் இல்லாத இடத்தில், இரண்டு செங்கல் மேல் பேஃபிளை வைத்து, கீழே விறகோ கொட்டாங்கச்சியோ போட்டுக் கொளுத்துங்கள். மண்ணெண்ணெயில் ஊறியது என்பதால் சட்டென்று பற்றும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கரும்புகை வரும், காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள். புகை அடங்கிய பிறகும் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியதும் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் கரி அப்பளம் மாதிரி உடைந்து உதிரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். முழு சைலன்சரையும் நெருப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குரோம் நீலம் பாய்ந்து பாழாகிவிடும், வேண்டாம்.

பேஃபிள் இல்லாமலே தெருமுனை வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைக் கிழிக்கும், ஆனால் இழுவை திரும்பிவிட்டால் அடைப்பு அங்கேதான் இருந்தது என்று உறுதியாகிவிடும். அப்படியும் இழுக்கவில்லை என்றால் முன்பக்கம் பார்க்க வேண்டும். சைலன்சர் போரில், அதாவது சிலிண்டரில், சேரும் இடத்தில், எக்ஸாஸ்ட் துவாரத்தின் வாயில், கல் மாதிரி கரி வளர்ந்திருக்கும். சில வண்டிகளில் துவாரமே பாதியாகச் சுருங்கியிருக்கும். கிக்கரைக் கையால் நகர்த்தி, பிஸ்டனின் பக்கச் சுவர் துவாரத்தை முழுவதும் மூடும்படி நிறுத்துங்கள். மூங்கில் சிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர், உடைந்த ஆக்ஸா பிளேடு இரண்டும் கூடாது. பிஸ்டனில் விழும் ஒரு கோடு ரிங்கையும் போரையும் சேர்த்துத் தின்றுவிடும். உதிர்ந்த துகளை எல்லாம் வெளிப்பக்கமாக எடுத்துவிட்டுத்தான் கிக்கரைத் தொட வேண்டும். கை நடுங்குகிறவர்கள் போரைக் கழற்றி மேஜையில் வைத்தே செய்வது நல்லது.

வளைந்த முன்குழாய்க்குப் பழைய சைக்கிள் செயின் ஒன்று போதும். ஒரு முனையில் விட்டு மறுமுனையில் பிடித்து, முன்னும் பின்னும் இழுங்கள், வளைவில் இருப்பதெல்லாம் கொட்டும். மாட்டும்போது துவாரத்தில் புது கேஸ்கெட் போடுங்கள். மாட்டி முடித்த பிறகு பத்து கிலோமீட்டராவது பைபாஸில் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் புகை வரும், பயப்படாதீர்கள்.

இன்னும் ஒன்று. ஆர்எக்ஸில் ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாக வருகிறது. அந்த பம்ப்பின் கேபிள் அளவு தவறினால் ஆயில் அதிகமாகப் போகும், அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கியர் ஆயில் வெளியே ஒழுகாமலே குறைந்துகொண்டு வந்தால், கியர் ஆயில் இன்ஜினுக்குள் போகாமல் தடுக்கும் கிளட்ச் பக்க கிராங்க் சீல் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கும். அப்போது சைலன்சரை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் ஒரே மாதத்தில் பழைய கதைதான்.

கேள்வி: காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் சைலன்சர் புதிது போல ஆகிவிடும் என்கிறார்களே, உண்மையா? என்ன அளவு? — வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உண்மைதான், ஆனால் இது பொறுமையும் பயமும் வேண்டிய வேலை. பேஃபிள் கழற்ற முடியாதபடி முழுவதும் வெல்டிங் செய்த இரும்பு சைலன்சருக்கு மட்டும் இதைச் சொல்வேன். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ போதும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதற்குப் பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மரக்குச்சியால் கலக்க வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பழகுகிற காலத்தில் நான் அப்படி ஊற்றினேன். கொதித்துத் தெறித்தது என் இடது முழங்கையின் உள்பக்கத்தில் பட்டது. அந்தத் தழும்பு இன்னும் வழவழவென்று இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த முறையே வேண்டாம்.

சைலன்சரின் ஒரு வாயை மரக்கட்டையால் இறுக்கி அடைத்து, கரைசலை ஊற்றி, மேல்வாயைத் திறந்தபடி ஒரு இரவு நிறுத்தி வையுங்கள். சோடா கரியைக் கரைப்பதில்லை. கரியைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய்ப் பிசினை இளக்குகிறது, அவ்வளவுதான். காலையில் கொட்டிவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவினால் கருப்பாக வந்துகொண்டே இருக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, வெயிலில் முழுவதும் காயவிட்டு மாட்டுங்கள். கொட்டும் இடம் செடிக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்கட்டும்.

அலுமினியம் பக்கத்தில் சோடாவைக் கொண்டு போகாதீர்கள். ஹெட், போர், பிஸ்டன் எல்லாவற்றையும் அரித்துவிடும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும், அது தீப்பிடிக்கும். பின்னால் வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்கும் சோடா ஆகாது, நெருப்பும் ஆகாது.

கேள்வி: என் ஆர்எக்ஸின் பேஃபிளை வெட்டிவிட்டால் அடைப்பும் வராது, சத்தமும் கெத்தாக இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா அண்ணா? — கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வேண்டாம் தம்பி. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது சத்தத்தைக் குறைக்கும் குழாய் மட்டும் இல்லை, இன்ஜினின் பாதி வேலை அதற்குள் நடக்கிறது. புகை வெளியேறும்போது ஓர் அழுத்த அலை சைலன்சருக்குள் ஓடுகிறது. வயிறு பருத்து, பின்னால் குறுகும் இடத்தில் மோதி அது திரும்பி வருகிறது. திரும்பி வந்து, போரிலிருந்து வெளியே நழுவிய புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. இந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனிப் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய பந்தய பைக்குகளை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் தப்பித்து மேற்கே வந்து, அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் கிடைத்தது. ஒரு குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

பேஃபிளை வெட்டினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். சத்தம் கூடும்போது வேகம் கூடியது போலத் தோன்றும். பெரும்பாலும் கீழ் கியரில் இழுவையும் மைலேஜும்தான் குறையும். போலீஸ் பிடித்தால் அபராதமும் உண்டு. ஒரு மணி நேர வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை. கழற்றி, எரித்து, தட்டி, மாட்டுங்கள். உங்கள் கையாலேயே செய்யலாம்.

கேள்வி: ஏலத் தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் ஐடிலில் ஓடுகிறது, முறுக்கினால் படுத்துவிடுகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை சுத்தம் செய்தாகிவிட்டது. — விவசாயி, போடி

பதில்: சைலன்சர் வாயில் பத்துப் பைசா அளவில் ஒரு கம்பி வலை இருக்கும், பொறி வெளியே பறக்காமல் தடுப்பதற்கு. அது அடைத்திருக்கும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி வலையை எடுத்து, இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் காட்டி, பல் தேய்க்கும் பழைய பிரஷால் தேயுங்கள்.

என்ன ஆயில் கலக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பைக்குக்குப் போடும் சாதாரண இன்ஜின் ஆயிலைக் கலக்கிறவர்கள் நிறையப் பேர். அது எரிந்தால் சாம்பல் மிஞ்சும். டூ-ஸ்ட்ரோக்குக்கென்றே வரும் டூ-டி (2T) ஆயில்தான் வேண்டும், டப்பாவில் ஜாசோ (JASO) எஃப்சி அல்லது எஃப்டி என்று தரக்குறி போட்டிருப்பதை வாங்குங்கள். மெஷினில் 1:50 என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. கண் அளவில் ஊற்றாமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுங்கள். வலையை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். பங்குனியில் உங்கள் பக்கம் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது எனக்கும் தெரியும்.