‘ஆக’ போட்டால் அட்வெர்ப் ஆகிவிடுமா? ஆங்கிலச் சொல்வகை – கேள்வி பதில்

கேள்வி: ‘அவள் அழகாகத் தெரிகிறாள்’ என்பதை ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்று எழுதினேன். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். ‘அழகாக’ வினையடைதானே மேடம்?

பதில்: தமிழில் வினையடைதான், வம்பே அங்கேதான் தொடங்குகிறது. நம் ‘ஆக’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘அழகாக ஆடினாள்’ என்றால் ஆட்டம் எப்படி என்று சொல்கிறோம். ‘அழகாகத் தெரிகிறாள்’ என்றால் ஆள் எப்படி என்று சொல்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். ஆட்டத்துக்கு அட்வெர்ப் (வினையடை): ‘டான்ஸ்ட் பியூட்டிஃபுல்லி’. ஆளுக்கு அட்ஜெக்டிவ் (பெயரடை): ‘லுக்ஸ் பியூட்டிஃபுல்’.

வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வைத்துப் பாருங்கள். ‘த சூப் டேஸ்ட்ஸ் சால்ட்டி’ என்பது ‘த சூப் இஸ் சால்ட்டி’ ஆனாலும் பொருள் நிற்கிறது, ஆகவே அட்ஜெக்டிவ். லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட் ஐந்தும் இப்படி வரும். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ‘ஹி லுக்ட் ஆங்க்ரி’ என்றால் அவன் முகத்தில் கோபம் தெரிந்தது. ‘ஹி லுக்ட் ஆங்க்ரிலி அட் மி’ என்றால் என்னை முறைத்தான். வினை ஒன்றுதான், வேலை வேறு.

கேள்வி: அகராதியில் ‘ரௌண்ட்’ என்ற சொல்லுக்கு ஐந்து வகை போட்டிருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

பதில்: வாக்கியத்தைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். ‘எ ரௌண்ட் டேபிள்’ அட்ஜெக்டிவ். ‘த செகண்ட் ரௌண்ட்’ நவுன். ‘த ஷிப் ரௌண்டட் த கேப்’ வெர்ப். காலம் காட்டும் விகுதி ஒட்டியிருக்கிறது. குழப்புபவை மற்ற இரண்டும்தான். ‘வி வாக்ட் ரௌண்ட் த டெம்பிள்’ என்பதில் பின்னால் ‘த டெம்பிள்’ தொங்குவதால் பிரிபொசிஷன் (பெயருக்கு முன் வரும் உறவுச்சொல்). ‘ஹி டர்ன்ட் ரௌண்ட்’ என்பதில் பின்னால் எதுவும் இல்லை, அதனால் அட்வெர்ப்.

கேள்வி: ‘லி’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஃபிரெண்ட்லி, லோன்லி, காஸ்ட்லி எல்லாம் அட்ஜெக்டிவ். ‘ஃபாஸ்ட்லி’ என்று சொல்லே கிடையாது. ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடினமாக உழைக்கிறார். ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை என்ற மாதிரி. பரிந்துரைக் கடிதத்தில் இதை மாற்றி எழுதினால் ஆளின் பிழைப்பு போய்விடும்!

கேள்வி: ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ ஏன் தவறு? ‘டு’வுக்குப் பின் வினையின் முதல் வடிவம்தானே வரும் மேடம்?

பதில்: ‘டு’ இரண்டு இருக்கிறது. ஒன்று இன்ஃபினிட்டிவ் (‘டு மீட்’ போல, காலம் காட்டாத வினை வடிவம்) அடையாளம், இன்னொன்று பிரிபொசிஷன். பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ சரியாக வருகிறது. ஆகவே பிரிபொசிஷன், ‘மீட்டிங் யூ’ என்றே எழுத வேண்டும். ‘ஐ வாண்ட் டு இட்’ வராது; ஆகவே ‘ஐ வாண்ட் டு மீட் யூ’. ‘ஐ யூஸ்ட் டு வாக்’ (முன்பு நடப்பேன்), ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’ (நடந்து பழக்கம்) இரண்டுக்கும் இதே சோதனைதான்.

கேள்வி: ‘டிஸ்பைட் ஹி வாஸ் சிக்’?

பதில்: தவறு. ‘டிஸ்பைட்’ பிரிபொசிஷன், பின்னால் பெயர் கேட்கும்: ‘டிஸ்பைட் ஹிஸ் சிக்னஸ்’. எழுவாயும் வினையும் கொண்ட முழுத்தொடர் வேண்டுமென்றால் ‘ஆல்தோ’. ‘ஆல்தோ’ போட்டபின் நடுவில் ‘பட்’ வேண்டாம்.

கேள்வி: நாங்கள் படித்தது 8 சொல்வகை. மகன் புத்தகத்தில் ‘டிட்டர்மினர்’ என்று புதிதாக ஒன்று. தமிழிலோ நான்குதான். எது சரி?

பதில்: தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று தமிழுக்குப் பிரித்தது. 8 என்பது கிரேக்க இலக்கணத்திலிருந்து வந்த எண்ணிக்கை. அங்கே ஆர்டிகிள் (ஆங்கில ‘த’ போன்ற சொல்) ஒரு வகை. லத்தீனில் ஆர்டிகிளே இல்லை. அந்த இடத்துக்கு இன்டர்ஜெக்ஷன் (‘ஐயோ’ போன்ற உணர்ச்சிச் சொல்) வந்து 8 அப்படியே நின்றது. டிட்டர்மினரைப் பிரித்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. ‘எ பிக் ரெட் புக்’ என்று அட்ஜெக்டிவை அடுக்கலாம், ‘எ மை புக்’ என்று அடுக்க முடியாது. எ, த, மை, திஸ் எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுபவை. ஒன்று உட்கார்ந்தால் மற்றது நிற்க வேண்டியதுதான். தேர்வில் கேள்வி 8 வகை என்று சொன்னால் ‘மை’யை பொசசிவ் அட்ஜெக்டிவ் என்று எழுதச் சொல்லுங்கள், டிட்டர்மினர் பகுதியில் வந்தால் டிட்டர்மினர்.